சாய்கோடு

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
செத்தவர் மேலே ஒரு சாய்கோடு.
டொக்டர் நஸ்லியா பென்சிலைத் தீட்டியபடி கேட்டார்:
அப்பாவுக்கு எத்தனை வயதில் தொடங்கினது?

நாற்பத்து நாலில், என்றேன்.
முதலில் கை. தேத்தண்ணிக் கோப்பை தளம்பியது.
மறுகா தோள். மறுகா முகம்.
கல்லடிப் பாலத்துச் சென்றியில்
சைக்கிளால் இறக்கி, வாயை ஊது என்றான் சிப்பாய்.
கள்ளு மணந்தும் பாராத மனுசன்
ஊதினார், திரும்பவும் ஊதினார்,
ஊதும்போதும் ஆடினார்.
வைகாசிச் சடங்கில்
அம்மன் வந்திட்டா என்று வேப்பிலை கொடுத்தார்கள்.
குளுத்தி முடிந்து சனமெல்லாம் வீடு போயும்
அவருக்கு மட்டும் உரு இறங்கவில்லை.

சரி, அவர்ர சகோதரங்கள்?

மூத்தவர் அழகரத்தினம். முப்பது வயது.
தொண்ணூறாம் ஆண்டு ஏற்றிக்கொண்டு போனது.
சாய்கோடு போடவா?
தெரியாது டொக்டர்,
பெரியம்மா இன்னும் பொட்டு வைக்கிறா.
பென்சில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
பிறகு சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

மாமி நேசம்மா. முப்பத்தொன்று. டச்பாரில், கடல்.
கடைசிச் சித்தப்பா பத்தொன்பது,
செத்தது வேறு பெயரில்.
அப்பப்பா? எழுபத்தெட்டுச் சூறாவளி,
தென்னை விழுந்து. நாற்பது.

கோடு கோடாய்ச் சாய்ந்தது தாள்.
அப்பா பக்கத்தில்
அவரைத் தவிர ஒருத்தரும் நாற்பத்து நாலைக் காணவில்லை.
வரவேண்டிய வயதுக்கு நோய் வந்திருக்கும்,
முற்றத்தில் நின்று கூப்பிட்டுப் பார்த்திருக்கும்.
ஆளில்லை.

இந்தப் படத்தை வைத்து நான் ஒண்டும் சொல்ல ஏலாது,
என்றார் டொக்டர்.
இரத்தம்தான் சொல்லும்.

மூன்றெழுத்துச் சொல் ஒன்று, திக்குவாய் போல
தன்னையே திரும்பத் திரும்பச் சொல்கிறதாம்.
முப்பத்தைந்துக்குள் நிறுத்தினால் பயமில்லை.
நாற்பதைத் தாண்டினால்
என்றைக்கோ ஒருநாள் கோப்பை தளம்பும்.
நான் பாடசாலையில் இம்போசிஷன் எழுதிய கணக்கு.

என் குடி அம்மாவுடையது.
வளவும் வீடும் அம்மாவழி, எனக்கும் தங்கச்சிக்கும் பாதி பாதி.
அப்பாவிடமிருந்து எங்களுக்கு எதுவும் வருவதில்லை,
ஊர் வழமை அப்படி.
வழமை தெரியாத ஒன்று
உறுதி முடிக்காமல், சாட்சி வைக்காமல்
வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம்.

அம்மா கேட்டா:
ரெண்டில ஒண்டு எண்டா,
ஒராளுக்கு இருந்தா மற்றாள் தப்பும்தானே?
இல்லையம்மா, என்றேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிச் சுண்டல்.
காசு பூவையும் மறந்திரும், தலையையும் மறந்திரும்.
அம்மா எழும்பிப்போய்
ஏற்கெனவே கழுவிய சட்டியைக் கழுவினா.
எங்களில் யாரைக் கொடுக்க நினைத்திருந்தா என்று
நான் கேட்கவில்லை.

தங்கச்சி பரிமளகாந்திக்கு ஏழாம் மாதம்.
எனக்குச் சொல்லாத கா, என்றாள்.
உன்ர முகத்திலயும் சொல்லாத.
ஆறு கிழமையாய் முகத்தைப் பழக்குகிறேன்
பஸ் கண்ணாடியில், பாலம் கடக்கும்போது.
கீழே வாவி. யாரோ வலை இழுக்கிறார்கள்,
கனமா வெறுமையா என்று இங்கிருந்து தெரியாது.

நேற்று கிளினிக்கிலிருந்து கோல் வந்தது.
மறுமொழி வந்திருக்கு, வியாழன் ஒன்பதரை,
யாரையாவது கூட்டி வாங்க.
யாரையாவது என்ற சொல்லை
இரவு முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
எல்லாருக்கும் அதைத்தான் சொல்வார்களாம்.

இரவு அப்பாவுக்குத் தயிரும் சோறும் பிசைந்தேன்.
அவர் வாய் எங்கே போகும் என்று
கரண்டிக்கு இப்போது முன்கூட்டியே தெரியும்.
இடப்பக்கம், மேலே, கொஞ்சம் பொறுத்து, இப்போ.
ஒரு வாய் சிந்தியது.
யார் கை என்று பார்க்காமல் துடைத்தேன்.
அவர் சிரித்தார். சிரிப்புத்தான், ஆட்டமில்லை,
அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

காலையில் நீர்வழங்கல் சபைக்கு
லீவுக் கடிதம் நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
சொந்த அலுவல் என்று எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது.
என் எழுத்து எப்போதும் சாய்வுதான்.